பல்அமியா, ஃபிர்தௌசியா?

அரபு ஆட்சிக்குப் பின் ஈரானியர் தம் பழங்கதையை எப்படி மீட்டார்கள்? 963-இல், கிழக்கு ஈரானை ஆண்ட சாமானித் வம்சத்தின் அமைச்சர் பல்அமி, வரலாற்றாசிரியர் தபரி அரபு மொழியில் எழுதிய உலக வரலாற்றைப் பாரசீகத்தில் தரத் தொடங்கினார். மொழிபெயர்ப்பு என்று பேர்தான். ‘அவர் சொல்ல இவர் கேட்டார்’ என்ற அறிவிப்பாளர் வரிசைகளையெல்லாம் வெட்டிவிட்டார். படிக்கச் சுலபம். ஆனால் ஈரானிய மன்னர்கள் அங்கே நபிமார்களோடு இடம் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

1010-இல் முடிந்த, கவிஞர் ஃபிர்தௌசியின் பாரசீகக் காவியமான ஷாநாமாவில் மேடை முழுக்க ஈரானிய மன்னர்களுக்கே. சிறுத்தைத்தோல் உடுத்திய முதல் மன்னன் கயூமர்ஸ் தொடங்கி, அரபுப் படையெடுப்பில் வீழ்ந்த சசானிய வம்சத்தின் கடைசி மன்னன் யஸ்தகர்து வரை, ஏறக்குறைய 50,000 ஈரடிகள். நீளம்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. ஒரு காட்சி போதும். மெர்வ் நகரத்துப் பக்கம் ஒரு மாவரைக்கும் ஆலையில் ஒளிந்திருக்கிறான் யஸ்தகர்து. கொல்லச் சொல்லி ஏவப்பட்ட ஆலைக்காரன் அழுதுகொண்டே வருகிறான். காதில் ரகசியம் சொல்வதுபோல நெருங்கி, விலாவில் கத்தியை இறக்குகிறான்.