ஆரி வகுப்புக்கு வெபினார் மென்பொருள்: நான்கு ஆண்டு அனுபவம்

கும்பகோணத்தில் ஆரி வேலைக்கான பொருள்கள் விற்கிறேன். ஊசி, மரச்சட்டம், பட்டு நூல், மணி, ஜமிக்கி எல்லாம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் இணையத்தில் இலவச அறிமுக வகுப்பு எடுக்கிறேன். பார்த்தவர்களில் சிலர் 650 ரூபாய் தொடக்கத் தொகுப்பை வாங்குவார்கள். அவர்களில் சிலர் பணம் கட்டிப் பத்து நாள் வகுப்பில் சேர்வார்கள். 2021 முதல் என் வியாபாரம் அந்த ஒரு மாலையைத்தான் நம்பியிருக்கிறது.

தொடக்கத்தில் இலவசக் கணக்குகளில் ஓட்டினேன். ஜூமில் 40 நிமிடம். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இரண்டிலும் 100 பேர் வரை. சங்கிலித் தையலைக் காட்டி முடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆகும். கேள்விகளுக்கு இடமில்லை. அதனால் இரண்டாம் ஆண்டு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வெபினார் (நிறையப் பேருக்கு இணையத்தில் வகுப்பு நடத்தும்) திட்டத்துக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். 500 பேர் அமரலாம். பதிவுப் பக்கம், நினைவூட்டல் மின்னஞ்சல், வாக்கெடுப்பு, வருகை அறிக்கை எல்லாம் இருந்தன. விலை டாலரில். அதன்மேல் 18% ஜிஎஸ்டி, அதற்கும் மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம். கணக்கில் கழிந்த தொகையைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அந்த ஆண்டில் ஒரு வகுப்புக்கு அதிகபட்சமாக வந்தவர்கள் 83 பேர்.

காலி இடங்களைக் கூடப் பொறுத்துக்கொள்வேன். பெயர் கொடுத்தவர்களிலேயே பாதிப் பேர் வராததுதான் உறுத்தியது. ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். “எனக்கு எதுவும் வரவேயில்லையே அக்கா” என்றார்கள். வந்திருந்தது, மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சல் கணக்கோ போன் வாங்கிய கடையில் திறந்து கொடுத்தது. கடவுச்சொல் மகனுக்குத்தான் தெரியும். பட்டுக்கோட்டையிலும் பெரம்பலூரிலும் இருக்கும் என் மாணவிகள் நாள் முழுவதும் வாட்ஸ்அப் பார்க்கிறார்கள், மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. பதிவுப் படிவம் அவர்களுக்கு வாசலில் போட்ட தடுப்புக் கட்டை. அதை நான் காசு கொடுத்துப் போட்டிருந்தேன்.

டேட்டாவும் ஒரு தடை. நாளுக்கு 1.5 ஜிபி என்றால், பிள்ளைகள் பார்த்தது போக மாலை ஆறு மணிக்கு மிச்சம் கொஞ்சம்தான். பாதி வகுப்பில் படம் நின்றுபோனால் அவர் தொகுப்பு வாங்கப் போவதில்லை.

சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டேன். கணக்கு மூடியதும் அதிலிருந்த வகுப்புப் பதிவுகளும் போயின. நான்கைத்தான் முன்பே இறக்கி வைத்திருந்தேன். எந்த மென்பொருளாக இருந்தாலும் வகுப்பு முடிந்த இரவே பதிவைக் கணினியில் இறக்கிவிடுங்கள்.

இப்போது இலவச வகுப்பை யூடியூப் நேரலையில், பட்டியலில் வராத, இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்க்கும் வீடியோவாக நடத்துகிறேன். இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஒரே தொடுதலில் திறக்கிறது. எதையும் நிறுவ வேண்டியதில்லை. டேட்டா குறைவாக இருப்பவர் படத்தின் தரத்தைத் தானே 240க்கு இறக்கிக்கொள்கிறார். ஊசி திரும்பும் இடத்தைத் தவறவிட்டவர் பின்னால் இழுத்துப் பார்க்கிறார். தையல் வகுப்புக்கு இதைவிட உதவியான வசதி வேறில்லை. பேச்சு சில நொடிகள் தாமதமாகப் போய்ச் சேரும்; தாமதத்தைக் குறைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது. கேள்விகள் வாட்ஸ்அப்பிலேயே வரும், என் சித்தி மகள் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்வாள்.

ஒளிபரப்பை ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சட்டத்துக்கு மேலே, எனக்கு எதிர்ப்புறமாகப் போன் கேமரா. அப்படியே காட்டினால் மாணவிக்கு என் கை தலைகீழாகத் தெரியும். ஓபிஎஸ்ஸில் படத்தை 180 பாகை திருப்பினேன். தன் மடியிலேயே சட்டம் இருப்பதுபோல் தெரிகிறது என்றார் ஒருவர். 500 பேர் திட்டம் தராத பயனை இந்த ஒரு திருப்பல் தந்தது.

பணம் கட்டியவர்களின் வகுப்பு வேறு. யூடியூப் இணைப்பை யாரும் யாருக்கும் அனுப்பிவிடலாம். தவிர, அவர்கள் தைப்பதை நான் பார்த்துத் திருத்த வேண்டும். அதற்கு ஜூமின் கட்டணத் திட்டம், வகுப்பு நடக்கும் மாதத்துக்கு மட்டும். மாதக் கணக்கில் விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் ஆண்டில் ஐந்து மாதமே வகுப்பு நடக்கும் எனக்கு அதுவே மிச்சம். தொகுதிக்கு 20 பேர், எல்லோர் கையும் திரையில் தெரியும்.

என் தம்பி கணக்குத் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறான். அவனுடைய வாடிக்கையாளர்கள் காலையில் முதலில் திறப்பது மின்னஞ்சலைத்தான். அவனுக்குப் பதிவுப் பக்கமும் வருகை அறிக்கையும் உண்மையிலேயே தேவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோவின் வெபினார் மென்பொருளை நிறைவோடு பயன்படுத்துகிறான். வாங்குவதற்கு முன் உங்கள் வாடிக்கையாளர்களில் பத்துப் பேரிடம் ஒரு சோதனை இணைப்பை அனுப்பி, எத்தனை பேர் உதவியின்றி உள்ளே வருகிறார்கள் என்று எண்ணுங்கள். நான் அதைச் செய்யாமல் சந்தா கட்டினேன்.

யூடியூபில் நேரலையை முதன்முறை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போனிலிருந்தே ஒளிபரப்ப உங்கள் சேனலுக்கு 50 சந்தாதாரர்கள் வேண்டும். கணினி வழி என்றால் அந்த நிபந்தனை இல்லை. ஞாயிறு வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமையே ஒருமுறை ஒளிபரப்பிப் பார்த்துவிடுங்கள்.