மெர்போக் (சின்ன புறா வகை) வாங்கணும்னா இந்தக் கடைக்குப் போங்க

சுங்கை சிப்புட் பாசார் (சந்தை) பக்கத்துல இருக்கிற பறவைக் கடைக்குத் தாராளமா போலாம், கூண்டு சுத்தம், தீனியும் புதுசு. எனக்கு ரொம்பப் புடிச்சது சுவத்துல கடைக்கார அண்ணே ஒட்டி வெச்சிருக்கிற சார்ட்டுதான், மெர்போக், மாடப்புறா ரெண்டுக்கும் இப்போதைக்கு ஆபத்து இல்ல ஆனா நம்ம மலேசியக் காட்டுல இருக்கிற பெரிய பச்சைப்புறா அழியக்கூடிய லிஸ்ட்ல இருக்கு, எல்லாம் தாழ்நிலக் காட்ட வெட்டுனதால. மொரிஷியஸ் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்குல காட்டுல 10 கிட்டத்தான் மிச்சம், கூண்டுல வளத்து விட்டு இப்ப நூத்துக்கணக்குல பறக்குது. அமெரிக்காவுல கோடிக்கணக்குல இருந்த பயணிப் புறாவுல கடைசி ஒண்ணு 1914ல சின்சினாட்டி ஜூவுல செத்துப்போச்சு, படிக்கவே மனசு கஷ்டமாயிருச்சு. காட்டுல புடிச்ச பச்சைப்புறாவ யார் கொண்டாந்தாலும் அண்ணே வாங்க மாட்டாரு, அதுக்கே அஞ்சு ஸ்டார். பார்க்கிங்தான் சிரமம், காலையிலயே போயிருங்க.