முதல் முறை படகை எடுக்க ஏரியா, ஆறா, கடலா? கூட யார்?

புதிதாகப் படகு வாங்கியவர்களின் கேள்விகள் பெரும்பாலும் இன்ஜினைச் சுற்றியே இருக்கும். எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்று. முதல் நாளுக்கு அதைவிட முக்கியமானவை இரண்டு: எந்தத் தண்ணீரில் இறக்குகிறோம், யாரைக் கூட்டிப் போகிறோம். இவை சரியாக அமைந்தால், அன்றைக்குச் செய்கிற தவறுகள் பெயிண்டில் ஒரு கீறலோடு போய்விடும். அமையாவிட்டால் அதே தவறுகள் உயிருக்கு ஆபத்தாகலாம்.

நான் மனதில் வைத்திருப்பது 4 முதல் 5 மீட்டர் நீளமுள்ள, பின்னால் அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய, டிரெய்லரில் இழுத்துப் போகிற படகு. முதல் படகாகப் பலரும் வாங்குவது இதைத்தான்.

மூன்று தண்ணீர், ஒரே கேள்வி

ஏரி, ஆறு, கடல் மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கலாம்: நடுவில் இன்ஜின் நின்றுபோனால் படகு எங்கே போய்ச் சேரும்?

ஏரியில் பதில் எளிது. காற்று எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அங்கே. நேரம் ஆகலாம், டிரெய்லர் நிற்கும் இடத்துக்கு நேர் எதிர்க்கரையாகவும் இருக்கலாம், ஆனால் கரை கரைதான். ஏற்றவற்றம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது) இல்லை, உப்பு இல்லை. படகை இறக்கிய சரிவு, திரும்பி வரும்போதும் அதே மட்டத்தில் இருக்கும். அணை கட்டித் தேக்கிய ஏரியாக இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: மூழ்கிய மரக்கட்டைகளும் பாறைகளும் அடியில் இருக்கும். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் அவை புரொப்பல்லர் ஆழத்துக்கு வந்துவிடும். பெரிய ஏரி என்றால் காற்றையும் குறைவாக எண்ணக்கூடாது. ஆழம் குறைந்த பரந்த ஏரியில் அலைகள் உயரமாக இல்லாவிட்டாலும் ஒன்றையொன்று நெருக்கி, செங்குத்தாக வரும். சின்னப் படகுக்கு அது நல்ல அடி.

ஆற்றில் இன்ஜின் நின்றால் படகு ஓட்டத்தோடு போகும். அதனால்தான் முதலில் ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கிப் போகச் சொல்கிறார்கள். இன்ஜின் கைவிட்டாலும் ஆறே வீட்டுப் பக்கம் கொண்டுவரும். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நிலையான நீரில் உங்கள் படகு மணிக்கு 10 கி.மீ. போகும், ஆற்றின் ஓட்டம் மணிக்கு 4 கி.மீ. என்று வையுங்கள். மேல்நோக்கி உங்கள் வேகம் 6, கீழ்நோக்கி 14. கீழ்நோக்கி அரை மணி நேரம் சுகமாகப் போனால் 7 கி.மீ. தாண்டியிருப்பீர்கள். அதே தூரம் திரும்பி வர 70 நிமிடம் ஆகும், எரிபொருளும் அந்த அளவுக்கு இறங்கும். போகும்போது இது தெரியவே தெரியாது. திரும்பிய பிறகுதான் உறைக்கும். அப்புறம், ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பாலத்தின் தூண், சாய்ந்த மரக்கிளை, கட்டி வைத்த இன்னொரு படகு என்று எதற்கும் மேலோட்டப் பக்கமாக இன்ஜினை அணைத்துவிட்டு நிற்கவே கூடாது. கீழே தடுப்பணை இருக்கிற ஆறு என்றால் முதல் நாளுக்கு நான் அந்த இடத்தையே தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கடலுக்கு வருவோம். இங்கே பதில் காற்றையும் நீரோட்டத்தையும் பொறுத்தது, இரண்டும் வெளிப்பக்கம் தள்ளினால் பதில் "நடுக்கடல்". புதியவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றுதான். கரையோரம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஏனென்றால் காற்று தண்ணீர்மேல் ஓடி அலை எழுப்ப அங்கே தூரமே கிடைத்திருக்காது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போன பிறகுதான் அலை வளர்ந்திருப்பது தெரியும். திரும்பினால் காற்று முகத்தில் அறையும். இதற்கு மேல் ஏற்றவற்றம் வேறு. ஆறு மணி நேரத்தில் ஏறும் தண்ணீரில் மூன்றாவது, நான்காவது மணிகளில் மட்டும் ஏறத்தாழப் பாதி ஏறிவிடும். நீரோட்டமும் அப்போதுதான் பொதுவாக அதிகம். காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் எதிர்ப்பக்கமும் இருந்தால் அலை நிமிர்ந்து நிற்கும். வற்றம் வந்ததும் காலையில் படகு இறக்கிய சரிவு சேற்றில் முடிந்திருக்கலாம்.

எனவே என் தேர்வு ஏரி. அதிலும் சின்ன ஏரி. பக்கத்தில் ஏரி இல்லை, வாங்கியதே கடலுக்காகத்தான் என்றால், முதல் நாள் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு உள்ளேயே இருங்கள். ஏற்றமும் வற்றமும் மாறுகிற அமைதியான நேரத்தில் இறக்குங்கள். ஓட்டம் நடை வேகத்தைவிடக் குறைவாக இருக்கிற ஆறு இருந்தால் இரண்டாவது தேர்வாக அதையும் எடுப்பேன்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் அலையைப் பாருங்கள். முகட்டில் வெள்ளை நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் காற்று 7 முதல் 10 நாட் வேகத்தில் இருக்கிறது, அதாவது மணிக்கு 19 கி.மீ. வரை. பரவலாகத் தெரிந்தால் 11 முதல் 16 நாட். முதல் வகையிலேயே நான் முதல் பயணத்தை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பேன்.

காலையா, மாலையா என்பதில் அதிக யோசனை வேண்டாம். விடுமுறை அல்லாத ஒரு நாளின் காலை. காற்று பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும். ஏதாவது தவறினாலும் முழுப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும். சரிவில் பின்னால் யாரும் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள்.

குடும்பமா, தனியா, பழகிய ஆளா?

குடும்பத்தோடு போக ஆசையாக இருக்கும். படகு வாங்கியதே அவர்களுக்காகத்தானே. ஆனாலும் முதல் நாள் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கையும் எடையும் படகின் தகட்டில் இருந்தாலும், அந்த எடை ஒரு பக்கம் நகர்ந்தால் படகு எவ்வளவு சாயும் என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. குழந்தை எழுந்து நிற்கிறதா என்று பார்ப்பதா, எதிரே வரும் படகைப் பார்ப்பதா? இன்னொரு காரணமும் உண்டு. முதல் நாளில் பயந்தவர்கள் பிறகு படகில் ஏறவே தயங்குவார்கள். அவர்களுக்கும் இது முதல் நாள்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

தனியாகப் போவதில் ஒரு நன்மை இருக்கிறது: கவனம் சிதறாது. ஆனால் தண்ணீரில் விழுந்தால் படகை நிறுத்த ஆள் இல்லை. கில் ஸ்விட்ச் கயிற்றைக் காலிலோ கையிலோ மாட்டியிருந்தால் இன்ஜின் அணையும், அவ்வளவுதான். காற்று படகை நகர்த்திக்கொண்டே போகும், நீந்திப் பிடிப்பது பல நேரம் முடியாது. துறையை நெருங்கும்போது ஒருவரே சுக்கானையும் பார்த்து, கயிற்றையும் பிடிக்க வேண்டும்.

பழகிய ஒருவரை அழைத்துப் போவதே மேல். அவர் உங்கள் படகு போன்ற படகில் பழகியவராக இருக்க வேண்டும். பெரிய கப்பலில் பல ஆண்டுகள் இருந்தவர் என்றாலும் சின்ன அவுட்போர்டு படகு வேறு மாதிரி நடந்துகொள்ளும். கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள்: "நான் கேட்கும் வரை சுக்கானைத் தொட வேண்டாம்." பழகியவர்கள் அன்பினால்தான் கையை நீட்டுவார்கள், ஆனால் கரை சேரும்போது எல்லாவற்றையும் அவர் செய்துவிட்டால் நீங்கள் கற்றது எதுவும் இருக்காது.

என் முதல் நாளில் கூட வந்தவர் பெரும்பாலும் பேசவே இல்லை. கிளம்பிய சில நிமிடங்களில் இன்ஜின் இருமி நின்றது. நான் ஸ்டார்ட்டரை இழுத்துக்கொண்டே இருந்தேன். அவர் முதலில் நங்கூரத்தைப் போடச் சொன்னார். பிறகு எரிபொருள் டேங்கின் மூடியைக் காட்டினார். காற்றுத் திருகு மூடியிருந்தது. அதைத் திறக்காவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, எரிபொருள் வருவது நின்றுவிடும். அன்றைக்கு நான் கற்றதில் பெரியது திருகு இல்லை, வரிசை. இன்ஜின் நின்றால் முதலில் நங்கூரம், அப்புறம்தான் பழுது பார்ப்பது. நங்கூரத்தை எப்போதும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்னால் கட்டினால் இன்ஜின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பக்கத்தில் அலை ஏறி உள்ளே விழும். கயிறு ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது வேண்டும். 4 மீட்டர் ஆழத்துக்கு 20 மீட்டர். நேராகக் கீழே விட்டால் நங்கூரம் தரையைப் பிடிக்காமல் உருளும்.

இன்ஜின் கிளம்பவே இல்லை என்றாலும் காரணம் பெரும்பாலும் எளியதுதான். கில் ஸ்விட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் பம்ப் பல்ப் அழுத்தி இறுகியிருக்கிறதா, காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? இந்த நான்கையும் பார்த்த பிறகு மற்றதைச் சந்தேகப்படலாம். ஓடும்போது இன்ஜினின் பக்கத்திலிருந்து சிறு நீர்த்தாரை வெளியே பாயும். அது நின்றால் குளிர்விக்கும் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள், உடனே அணைத்துவிட்டு உறிஞ்சும் வாயில் பாசியோ பிளாஸ்டிக்கோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். புது இன்ஜினைப் பழக்கும் காலம் பல மாடல்களுக்கு 10 மணி நேரம், அதற்குள் ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டக்கூடாது. வேகத்தை மாற்றி மாற்றி, ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வர ஏரியே இதற்கும் பொருந்துகிறது. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட்: நுரையா, காற்றா?

காற்றடைத்துக்கொள்ளும் ஜாக்கெட் மெல்லியது, வெயிலில் போட்டிருக்க வசதி. தண்ணீரில் விழுந்ததும் வாயு சிலிண்டர் திறந்து உப்பும். 150 நியூட்டன் மிதவை, அதாவது ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்கும் சக்தி. மயங்கியவரைக்கூட முகம் மேலே இருக்கும்படி பெரும்பாலும் திருப்பிவிடும். நுரை ஜாக்கெட் பருமனானது, புழுக்கம். ஆனால் அதில் தவறிப்போக எதுவும் இல்லை. சிலிண்டர் திருகு தளர்ந்திருக்கிறதா, ஒருமுறை உப்பிய பிறகு மாற்றப்பட்டதா என்று யாரும் பார்க்க வேண்டியதில்லை. இறக்கி ஏற்றிப் பழகும் முதல் நாளில், பராமரிப்பே இன்னும் பழகாதபோது, நுரையே நல்லது என்பேன். 50 நியூட்டன் என்று எழுதியிருப்பது நீந்தத் தெரிந்தவர்கள் கரையோரத்தில் போட. முகத்தைத் திருப்பும் என்று அதை நம்பக்கூடாது. கழுத்துப் பட்டையுள்ள 100 நியூட்டன் வகையை வாங்குங்கள்.

உதவிக்கு ஏரியில் நீர்புகா உறையில் ஒரு போன் போதும். கடலில் விஎச்எஃப் ரேடியோ வேண்டும். போனில் ஒருவருக்குத்தான் கேட்கும், ஆபத்தில் அழைப்பதற்கான 16ஆம் சேனலில் பேசினால் சுற்றியுள்ள படகுகளுக்கெல்லாம் கேட்கும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

துறையை நெருங்குவது: காற்றோடா, காற்றை எதிர்த்தா?

எல்லோரையும் பயமுறுத்துவது இதுதான். காற்று பின்னாலிருந்து தள்ள வந்தால் நியூட்ரலில் போட்டும் படகு நிற்காது. பயந்து ரிவர்ஸை அழுத்தினால் பின்பக்கம் எங்கோ திரும்பும். காற்றை எதிர்த்து வந்தால் அதுவே பிரேக் மாதிரி வேலை செய்யும், கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளி நிறுத்திக்கொள்ளலாம். காற்றும் ஓட்டமும் வெவ்வேறு திசை என்றால் எது வலுவானதோ அதை எதிர்த்து வாருங்கள்.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு விஷயம் புதிதாக இருக்கும். புரொப்பல்லர் சுழலாதபோது அவுட்போர்டு படகில் சுக்கானுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அதனால் முதலில் திருப்புங்கள், பிறகு சின்னதாக ஒரு தள்ளு, மறுபடி நியூட்ரல். இன்னொன்று, படகின் பின்பக்கம் திரும்பும் திசைக்கு எதிராக வீசும். வலப்பக்கம் துறை இருந்து, விலகுவதற்காக இடப்பக்கம் திருப்பினால், வால் துறையில் மோதும். கையையோ காலையோ நீட்டித் தடுக்க முயலவே வேண்டாம். படகின் பக்கவாட்டில் தொங்கவிடும் மெத்தை போன்ற ஃபெண்டர் இருப்பது அதற்குத்தான்.

துறையில் பழகுவதா, திறந்த நீரில் பழகுவதா என்றால் திறந்த நீர்தான். ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, அதை ஒட்டி நிறுத்த பத்து முறை முயன்று பாருங்கள். தவறினால் உடைய எதுவும் இல்லை. ஆள் தண்ணீரில் விழுந்தால் திரும்பி வரும் பயிற்சியும் இதுவே.

சரி, கரை சேர்ந்தாயிற்று. டிரெய்லரில் ஏற்றி சரிவின் மேலே நிறுத்தியதும் டிரெயின் பிளக்கை, அதாவது படகுக்குள் சேர்ந்த தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பை, திறந்து, வெளியே வரும் தண்ணீரைக் கவனியுங்கள். காலையில் அதை மூடினோமா என்று இரண்டு முறை பார்த்திருப்பீர்கள், இப்போது திறந்து பார்ப்பதும் அதே அளவு முக்கியம். ஒரு குவளை அளவு என்றால் தெறித்ததும் காலோடு வந்ததும்தான். வாளிக் கணக்கில் கொட்டினால் எங்கோ கசிகிறது. அது எங்கே என்று கண்டுபிடித்து அடைத்த பிறகு குடும்பத்தை ஏற்றுங்கள்.