காலி வீதிக் கடையில் உயிர்ச்சுவடுகள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

கொழும்பில் படிகக் கற்கள் விற்கும் சில கடைகளில் உயிர்ச்சுவடுகளுக்கும் (பழங்கால உயிரிகளின் எச்சங்களுக்கும்) ஒரு தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். பம்பலப்பிட்டிப் பக்கம், காலி வீதியில் உள்ள அப்படியொரு கடையின் சரக்கைப் பற்றியது இது. கீழே வரும் குறைகள் அந்தக் கடைக்கு மட்டும் உரியவை அல்ல என்பதால் பெயர் வேண்டாம்.

நல்ல சரக்கு மடகஸ்கார் அம்மோனைட்: அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடு. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் பழமை. நடுவே அறுத்து மெருகிட்டுச் சோடியாக விற்கிறார்கள். இரண்டு பாதிகளையும் அருகருகே வைத்தால் உள்ளறைச் சுவர்கள் கண்ணாடிப் பிம்பம்போல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இரு வேறு சுருள்களின் பாதிகளைச் சோடி சேர்த்திருக்கிறார்கள். நடுச்சுருள் சுவரே தெரியாமல் வழவழப்பாக இருந்தால் பிசின் நிரப்பியது. இங்குள்ளவை பொருந்துகின்றன. ஏராளமாகக் கிடைக்கும் இனம், ஆய்வுக்கு இழப்பு சொற்பம். தாராளமாக வாங்கலாம்.

கணுக்கணுவான ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரியான மொரோக்கோ ட்ரைலோபைட்டில்தான் அவதானம் தேவை. அங்கே பாறையை உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே உடல் இருப்பதை அறிகிறார்கள். பிறகு துண்டுகளை ஒட்டி, மேற்பாறையைச் செதுக்கி எடுக்கிறார்கள். ஆகவே பாறையையும் உடலையும் ஒருசேரக் குறுக்கறுத்து ஓடும் ஒட்டுக்கோடு குறையல்ல, நல்ல அடையாளம். கோடு பாறையில் ஓடி உடலின் விளிம்பில் நின்றுவிட்டால், பிசினில் வார்த்த உடலை உண்மைப் பாறையில் பதித்திருக்க வாய்ப்பு அதிகம். பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் பாருங்கள்: வார்ப்பில் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிக் குழிகள் தெரியும், பெரிய கண்ணுள்ள இனங்களில் கண்ணின் தனித்தனி வில்லைகள் மங்கியிருக்கும். ஒரே தட்டில் ஒரே வளைவோடு, ஒரே இடத்தில் உடைவோடு இரண்டு இருந்தால் இரண்டுமே அச்சில் வார்த்தவை. இந்தக் கடையில் பெரிய முள்ளுடையவை ஐயத்துக்குரியவை; சிறிய, முள்ளற்றவை உண்மையானவை.

மொசசோர் என்ற, அழிந்துபோன கடல் ஊர்வனவின் பல்லைத் தனியாக விற்றால் பெரும்பாலும் உண்மை; மொரோக்கோவின் பொஸ்பேற்றுச் சுரங்கங்களில் நிறையக் கிடைக்கிறது. ‘தாடையோடு பல்’ என்பதை விட்டுவிடுங்கள். மணலையும் பசையையும் குழைத்துப் பிடித்த கட்டியில் வெவ்வேறு விலங்குகளின் பற்களைக் குத்தியிருப்பார்கள்.

பழங்கால மரப்பிசின் இறுகிக் கல்போலானதே அம்பர். அம்பர் பதக்கத்துக்கு உப்புநீர்ச் சோதனை: 250 மில்லிலீற்றர் நீரில் 50 கிராம் உப்பு. அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்லைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் தாழும். உலோகம் பொருத்திய நகையில் இது பயன்படாது. இளம் பிசினான கோபலும் மிதக்கும் என்பதால் பின்புறத்தில் ஒரு துளி அசிட்டோன் விட்டு, அது உலருமுன் விரலால் தொட வேண்டும். ஒட்டினால் கோபல். கடைக்காரர் சோதிக்க விடாவிட்டால் வாங்காதீர்கள்.

ஆனால் உண்மையானது என்பதாலேயே வாங்கத்தக்கது ஆகிவிடாது. மியன்மாரின் கச்சின் மாநில அம்பர்ச் சுரங்கங்களை 2017இல் அந்நாட்டு இராணுவம் கைப்பற்றியதையடுத்து, அதன்பின் அங்கிருந்து வாங்கிய அம்பரில் செய்த ஆய்வுகளை வெளியிடுவதை நிறுத்திவைக்குமாறு முதுகெலும்புத் தொல்லுயிரியல் சங்கம் 2020இல் ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. உயிர்ச்சுவடு வணிகத்தை ஆதரிப்போர் காட்டும் சிறந்த சான்றும் அதே மண்ணிலிருந்துதான் வந்தது: இறகுடன் கூடிய டைனோசர் வால் அடங்கிய அம்பர் 2015இல் கச்சின் தலைநகர் மிச்சினாவின் சந்தையில் வாங்கப்பட்டது. சந்தை இல்லாவிட்டால் அது ஆய்வாளர் கைக்கு வந்திராது. ஆனால் வரும்போதே நகைக்காக அதன் ஒரு பகுதி தேய்க்கப்பட்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உயிர்ச்சுவடு தேடிய மேரி அன்னிங் அவற்றை விற்றுத்தான் பிழைத்தார் என்பார்கள், அதுவும் உண்மை. அவர் எங்கே தோண்டினார் என்பது தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024இல் ஓர் ஸ்டெகோசோரஸ் எலும்புக்கூடு 4 கோடி 46 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்த விலையில் எந்த நூதனசாலை போட்டியிடும்?

இலங்கையருக்கு இது வெளிநாட்டு வழக்கல்ல. இரத்தினபுரிச் சுரங்கக் குழிகளில், கல் தேடும் அதே சரளைப் படையில்தான் (மண்ணடுக்கில்தான்) நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் வந்தன. குருவிட்டையில் கிடைத்த பற்களைக் கொண்டே தொல்லுயிரியலாளர் பீ. ஈ. பீ. தெரணியகல 1939இல் இலங்கைச் சிங்கத்தை விவரித்தார். அந்தப் பற்கள் பதக்கமாகியிருந்தால் இந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்ததற்கான முதற் சான்று நம் கையைவிட்டுப் போயிருக்கும். ஆகவே ‘இரத்தினபுரி எலும்பு’ என்று யாராவது நீட்டினால் விலை பேசாதீர்கள். குழி எங்கே, எத்தனை அடி ஆழம், எந்தப் படை என்று கேட்டு எழுதிக்கொண்டு, கொழும்புத் தேசிய நூதனசாலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

கடையின் பெரிய குறை பொருளோடு வைத்த விவரச் சீட்டில்தான் இருக்கிறது. மொரோக்கோச் சரக்கில் ‘மொரோக்கோ’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. எந்த ஊர், எந்தப் படை என்பது போனபின் உயிர்ச்சுவடு வெறும் அலங்காரக் கல். இறக்குமதி செய்தவரிடம் கேட்டுச் சொல்வதாகப் பணியாளர் பணிவோடுதான் கூறுகிறார். அந்தப் பதில் வரும்வரை பணம் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டில் நான்கு விடயம் எழுதிக் கேளுங்கள்: இனப்பெயர், அகழ்ந்த ஊர், காலம், ஒட்டியோ நிரப்பியோ திருத்திய பகுதி. அம்மோனைட்டுக்கு இதைத் தருகிறார்கள். பல்லுக்கும் அம்பருக்கும் இப்போதைக்குத் தருவதில்லை; ஆகவே அந்த இரண்டையும் இங்கே வாங்காதீர்கள்.