தாடைக்குக் கீழே நுழையும் காற்று: சேலத்தில் ஒரு தலைக்கவசம் வாங்கிய அனுபவம்

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் வழியாகத் தருமபுரிக்கு மாதம் இரண்டு முறையும், அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி ஏற்காட்டுக்கு வாரம் ஒரு முறையும் 350 சிசி வண்டியில் போய்வருகிறவன் நான். தருமபுரியிலிருந்து திரும்பிய இரவுகளில் காதுக்குள் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. படுத்த பிறகும் அது அடங்காததைச் சில மாதங்கள் வண்டியின் தலையிலும், பிறகு வயதின் தலையிலும் போட்டுவந்தேன். உண்மையான குற்றவாளி என் தலையிலேயே இருந்தது. இணையத்தில் தள்ளுபடியைப் பார்த்து வாங்கிய, எனக்கு ஓர் அளவு பெரிதான தலைக்கவசம் அது. எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தலையை விட்டு மேலே எழும்பப் பார்க்கும், பக்கத்தில் லாரி கடந்தால் பக்கவாட்டில் ஆடும்.

அதற்கு மாற்றாக வாங்கிய தலைக்கவசத்தையும், அதை எனக்கு விற்ற, ஐந்து ரோட்டுக்கு அருகில் சாரதா கல்லூரிச் சாலைப் பக்கமாக உள்ள சிறிய கடையையும் பற்றியது இந்த மதிப்புரை. தலைக்கவசத்தின் பெயரையும் மாடலையும் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால், என் தலையின் வடிவம் இல்லாத ஒருவர் அதைத் தேடிப்போய் வாங்கி, நான் பட்ட அவதியையே படுவார்.

இந்தக் கடைக்கு வருமுன் வேறு இரண்டு கடைகளுக்குப் போயிருந்தேன். ஒன்றில், தலையில் எண்ணெய் இருக்கிறது என்று சொல்லிப் போட்டுப் பார்க்கவே விடவில்லை. மற்றொன்றில், தலையில் வைத்தவுடன் எளிதாக நுழைந்ததையே பொருத்தம் என்று சொல்லிக் கட்டிக் கொடுக்கப் பார்த்தார்கள். மூன்றாவது கடைக்காரர் முதலில் எடுத்தது தையற்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப்பை. புருவத்துக்கு ஒரு விரற்கடை மேலே, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடம் வழியாகச் சுற்றி அளந்தார், 59 சென்டிமீட்டர். பிறகு மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்றைக் கொடுத்து அணியச் சொல்லி, அதன்மேல் ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். “போட்டுட்டு அரை மணி நேரம் உக்காருங்க சார். நெத்தி வலிச்சா வேற பார்க்கலாம். வலிக்கலைன்னா அப்புறம் விலை பேசலாம்” என்றார். விலைக்கு முன்னால் வலியைப் பற்றிப் பேசிய முதல் வியாபாரி அவர்தான்.

அந்த அரை மணி நேரத்தில்தான் பல ஆண்டுகளாக நான் தெரிந்துகொள்ளாத ஒன்று விளங்கியது. அளவு என்பது வேறு, வடிவம் என்பது வேறு. ‘எல்’ என்று ஒட்டப்பட்ட தலைக்கவசம் ஒரு நிறுவனத்தில் 58 சென்டிமீட்டருக்கும் இன்னொன்றில் 59 முதல் 60 வரைக்கும் இருப்பது ஒருபுறம் இருக்க, ஒரே சுற்றளவுள்ள இரண்டு தலைகள் மேலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று முன்பின்னாக நீண்டு முட்டையைப் போலவும், இன்னொன்று ஏறத்தாழ வட்டமாகவும் இருக்கலாம். தலைமுடியை நனைத்துப் படிய வாரிக்கொண்டு, மேலிருந்து யாரையாவது புகைப்படம் எடுக்கச் சொன்னால் இது எளிதில் தெரிந்துவிடும். என் தலை நீள வகை. முதலில் மாட்டியது வட்டத் தலைக்கானது. பத்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, இருபதாவது நிமிடத்தில் நெற்றியின் நடுவே வலி ஊன்றத் தொடங்கியது. கழற்றிக் கண்ணாடியில் பார்த்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்திருந்தது. இரண்டாவது தலைக்கவசத்தில் நெற்றி தப்பித்தது. ஆனால் என் மூக்குக் கண்ணாடியின் காம்புகள் நெற்றிப்பொட்டுகளில் அழுந்தின. மூன்றாவதில் நெற்றியும் பொட்டும் பின்மண்டையும் ஒரே சீராகத் தாங்கப்பட்டன. கன்னங்கள் மட்டும் வாய் நிறைய லட்டு அடக்கிய குழந்தையைப் போல உப்பிக்கொண்டு, பேசினால் உட்கன்னம் பல்லில் கடிபட்டது.

இறுக்கமாக இருக்கிறதே என்றதற்கு அவர் தந்த விளக்கம் இந்த மதிப்புரையிலேயே மிகவும் பயனுள்ள பகுதி. நெற்றியில் மெல்லிய துணிக்கும் பஞ்சுக்கும் பின்னால் இருப்பது தெர்மாகோல். விபத்தின்போது நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது, சாதாரண அணிதலில் அது விட்டுக்கொடுக்காது. எனவே நெற்றியில் முதல் நாள் தோன்றும் வலி ஓராண்டு ஆனாலும் போகாது. கன்னத்தில் இருப்பதோ தடித்த பஞ்சு. சில வாரங்களில் அமுங்கி முகத்துக்குத் தக்கபடி அமையும். ஆகவே கன்னம் இறுக்கமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், நெற்றி வலிப்பதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ‘போடப் போட லூசாயிடும்’ என்று கடைகளில் பொதுவாகச் சொல்லப்படும் வாக்கியம் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்லித்தான் விற்க வேண்டும். முதல் நாளே கன்னத்தில் வசதியாக இருப்பது இரண்டு மாதத்தில் தொளதொளத்துவிடும் என்பதே என் பழைய தலைக்கவசத்தின் வரலாறும்கூட.

பிறகு தாடைப் பட்டையை மாட்டச் சொல்லி, தலைக்கவசத்தைப் பிடித்து இடவலமாகத் திருப்பினார். நெற்றித் தோலும் கன்னமும் அதனோடு சேர்ந்தே நகர்ந்தன, தலைக்கவசம் தனியாக வழுக்கவில்லை. அடுத்து, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டிக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழையதில் இதையே செய்து பார்த்தபோது, பட்டை மாட்டியிருக்கும்போதே அது மூக்குவரை உருண்டு வந்துவிட்டது. இத்தனை நாள் அதை நம்பித்தான் தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கிடையே போயிருக்கிறேன்.

தரச் சான்றுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருசக்கர வாகனத் தலைக்கவசத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜூன் 1 முதல் கட்டாயம், முத்திரையோடு தலைக்கவசத்துக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4151 என்பதும் உரிம எண்ணும் இருக்க வேண்டும், அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். நான் வாங்கியதில் ஐரோப்பிய இ.சி.இ. 22.06 சான்றும் உண்டு, முந்தைய 22.05இல் இல்லாத, சாய்வாக மோதும்போது தலை சுழலும் விசையை அளக்கும் சோதனை இதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் தார்ப்பாயில் பரப்பி விற்கப்படும் முத்திரையில்லாத ஓடுகள், மோட்டார் வாகனச் சட்டத்தின் ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வாங்கப்படுபவை. சட்டமும் அவற்றை ஏற்பதில்லை என்பது வாங்குகிற பலருக்குத் தெரியாது.

இனி சத்தம். ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம்வரை நாம் கேட்பது பெரும்பாலும் எஞ்சினை. அதற்கு மேல் காற்று எஞ்சினை விழுங்கிவிடுகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்துக்குள் சத்தம் நூறு டெசிபலை எட்டுவது சாதாரணம். பணியிடச் சத்தத்துக்கு, தொழிலாளர் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு 85 டெசிபலுக்கு எட்டு மணி நேரம்; ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் நூறு டெசிபலுக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடம் மட்டுமே. தருமபுரிக்கு எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

இந்தச் சத்தம் மேலே உள்ள காற்றுத் துளைகள் வழியாகத்தான் வருகிறது என்று நினைத்து அவற்றை டேப் போட்டு ஒட்டியவர்களில் நானும் ஒருவன். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் பொம்மைத் தலையை வைத்து அளந்தபோது, முக்கியமான மூலம் தலைக்கவசத்தின் அடிப்பகுதியும் தாடைப் பகுதியும் என்று தெரியவந்தது. தாடைக்குக் கீழும் கழுத்தைச் சுற்றியும் உள்ள இடைவெளியில் காற்று குழம்பிச் சுழலும்போது எழும் அடித்தொண்டை உறுமல் அது. அதனால்தான் பொருத்தமும் அமைதியும் இரண்டு தனிக் கேள்விகள் அல்ல: கன்னப் பஞ்சு முகத்தோடு ஒட்டியிருந்தால் அந்த இடைவெளி குறைகிறது, காதைச் சென்றடையும் உறுமலும் குறைகிறது. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கமில்லாமல் கட்டி அதன் விளிம்பைத் தலைக்கவசத்துக்குள் செருகிப் பார்த்தேன். வேறு எந்த மாற்றமும் இல்லாமல் ஓமலூர்வரை போய்வந்ததில், வித்தியாசம் காதுக்கு நன்றாகவே தெரிந்தது. சென்னிமலைத் துண்டு போதும், இதற்கென்று தனிப்பொருள் வாங்க வேண்டியதில்லை.

பழி எல்லாவற்றையும் தலைக்கவசத்தின்மேல் போடுவதும் நியாயமல்ல. என் வண்டியின் முன்னால் பின்னாளில் மாட்டிய சிறிய காற்றுத் தடுப்புக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் மேல்விளிம்பிலிருந்து கிளம்பும் குழம்பிய காற்று நேராகத் தாடையில் வந்து மோதியது. வெறிச்சோடிய நேரான சாலையில், மிதமான வேகத்தில், கால்மிதியில் ஊன்றி இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள். தலை தெளிந்த காற்றுக்குள் போனதும் சத்தம் குறைந்தால் குறை வண்டியின் கண்ணாடியில்தான். எனக்குக் குறைந்தது. அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். சீட்டி போன்ற கூர்மையான ஒலி மட்டும் வந்தால், வைசர், அதாவது தலைக்கவசத்தின் முகக் கண்ணாடி, ரப்பரோடு சரியாகப் பதியவில்லை என்று பொருள். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுத்தால், எந்த இடத்தில் எளிதாக உருவிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் இடைவெளி.

இத்தனைக்குப் பிறகும் எந்தத் தலைக்கவசமும் நெடுஞ்சாலையில் அமைதியாக இருக்காது. ஓமலூர்ச் சாலையில் எண்பதில் போகும்போது புதியதில் எஞ்சினின் துடிப்பு மீண்டும் கேட்கிறது. பழையதில் அந்த வேகத்தில் காற்றைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. ஆயினும் தருமபுரிப் பயணத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுக் காதடைப்பானையும் போட்டுக்கொள்கிறேன், ரீங்காரம் நின்றுவிட்டது. ஏற்காட்டுப் பாதையில் அதைப் போடுவதில்லை: முப்பது, நாற்பது வேகத்தில் காற்றுச் சத்தம் ஒரு பொருட்டே அல்ல, வளைவுக்கு அப்பால் இறங்கிவரும் பேருந்தின் ஹாரன் எனக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். கைபேசிச் செயலியால் சத்தத்தை அளக்க முயல்வது வீண். காற்று மைக்கிலேயே மோதி எண்ணைப் பொய்யாக்கிவிடும்.

மலை வேறு ஒரு சோதனையை வைக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஒரு மணி நேரத்துக்குள் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். மார்கழிக் காலையில் சில்வர் ஓக் மரங்கள் தொடங்கும் இடத்துக்கு வரும்போது வெளியே பனிமூட்டம், உள்ளே நம் மூச்சின் ஈரம், வைசர் பால் கண்ணாடி ஆகிவிடுகிறது. இந்தத் தலைக்கவசத்தோடு பின்லாக் தகடு ஒன்று வந்தது. வைசரின் உட்புறம் ஒட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவே காற்றை அடைத்துவைக்கும் அந்தத் தகட்டால் நடுப்பார்வை கடைசிவரை தெளிவாகவே இருந்தது. ஓரங்கள் மங்கின.

குறைகளும் உண்டு. எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருப்பதால் முதல் வாரம் பிடரி வலித்தது. தாடைத் துளையைத் திறக்கும் பொத்தான் கையுறை போட்ட விரலுக்கு அகப்படாத அளவுக்குச் சிறியது. கன்னப் பகுதி இறுக்கமாக இருப்பதால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டி, பிறகு காம்புகளை உள்ளே செருக வேண்டும். ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இந்தச் சடங்கு. சித்திரை வெயிலில் நான்கு ரோடு சிக்னலில் நிற்கும்போது, சத்தம் குறைவான தலைக்கவசம் என்பது காற்றும் குறைவான தலைக்கவசம் என்பது நன்றாகப் புரியும். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். துளைகள் தாராளமாக உள்ள, இலேசான, ஆனால் முகம் முழுவதையும் மூடும் ஒன்றே அவர்களுக்குப் போதும்.

விலை 5,400 ரூபாய். இணையத்தில் அதே மாடல் நானூறு ரூபாய் குறைவாக இருந்தது. அந்த நானூறு, அரை மணி நேர நாற்காலிக்குக் கொடுத்த வாடகை என்று எடுத்துக்கொண்டேன், மலிவுதான். கடை சிறியது, வண்டி நிறுத்த இடமில்லை, இருப்பில் பெண்களுக்கும் பதின்வயதினருக்குமான சிறிய அளவுகள் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூட்டம் நெரிவதால் நாற்காலி கிடைக்காது. வார நாளில் காலை பதினோரு மணிக்குப் போனால் அவரே உட்கார்ந்து அளந்து தருவார். இரண்டு மாதம் கழித்துக் கன்னப் பஞ்சு அமுங்கியதும் மறுபடி போனேன். ஒரு அளவு தடித்த பஞ்சை அங்கேயே மாற்றி, உருட்டிக் கழற்றும் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்துபார்த்த பிறகுதான் பணம் வாங்கினார்.