நாட்டு வெண்டையா, அர்கா அனாமிகாவா, ஹைப்ரிட்டா?

ஆனி கடைசியில் விதைக்கடைக்குப் போனால் "எந்த வெண்டை வேணும்?" என்று கேட்பார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு முன்னால் இருப்பவை மூன்று: கைமாறி வரும் நாட்டு விதை, அர்கா அனாமிகா போன்ற அரசு ரகம், கம்பெனி ஹைப்ரிட் (இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை விதை).

இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பாக்கெட்டில் வருவதாலேயே அர்கா அனாமிகாவையும் ஹைப்ரிட் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது ஹைப்ரிட் இல்லை. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், வெண்டையைக் காட்டு இனம் ஒன்றோடு சேர்த்து, பல தலைமுறை தேர்ந்தெடுத்து நிலைப்படுத்திய ரகம். அதிலிருந்து விதை எடுத்தால் அதே செடி வரும். ஹைப்ரிட்டில் எடுத்தால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, காயும் பலவிதம். அதனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது பாக்கெட்தான்.

முளைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் நாலைந்து நாளில் முளை தெரியும். ஹைப்ரிட் விதை பெரும்பாலும் சாயமேறி இருக்கும். அது மருந்து பூசியதன் அடையாளம். ஊறவைத்தால் மருந்து கழுவிப் போகும், அப்படியே ஊன்றிவிட்டுக் கையைக் கழுவுங்கள். எதுவானாலும் நாற்று விட்டுப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர் அறுந்தால் வெண்டை தேறுவது கஷ்டம்.

உண்மையான போட்டி மஞ்சள் நரம்புத் தேமலில்தான். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது. இலை நரம்பு மஞ்சளாகும், காய் வெளிறி நாராகும், மருந்தே கிடையாது. இங்கே நாட்டு ரகங்கள் பெரும்பாலும் தோற்கும். அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்குவதற்காகவே உருவானது, ஆனால் அந்த எதிர்ப்பு இப்போது பழைய வலுவில் இல்லை. புதிய ஹைப்ரிட்டுகள்தான் தாக்குப்பிடிக்கின்றன. வெள்ளை ஈ பெருகும் மாசி, பங்குனி வெயிலில் நாட்டு விதை போட்டு நான் இரண்டு முறை மொத்தச் செடியையும் பிடுங்கி எறிந்திருக்கிறேன். கோடைக்கு ஹைப்ரிட் வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை.

பறிப்பிலோ நாட்டு வெண்டை பக்கம்தான் என் மனசு. ஹைப்ரிட் ஊன்றி நாற்பத்தைந்து நாளில் காய்த்து, ஒரே அளவாய்க் கொட்டி, சீக்கிரம் ஓய்ந்துவிடும். சந்தைக்கு அது சரி. நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கிலோ எதற்கு? நாட்டு ரகங்களில் மர வெண்டை மெதுவாகக் காய்த்தாலும் மாதக்கணக்கில் நிற்கும். யானைத்தந்த வெண்டை நீண்டு வளைந்தாலும் பிஞ்சாகவே இருக்கும். சிவப்பு வெண்டை அழகுதான், வாணலியில் ஏறினால் பச்சையாகிவிடும்.

இந்த ஆடிக்கு ஆறு செடி வளர்க்கும் பையில் நாலு நாட்டு, இரண்டு அர்கா அனாமிகா போடப்போகிறேன். வெண்டைப்பூ தானே காய்பிடிக்கும் என்றாலும் தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். அதனால் விதைக்கு விடும் பூவை, மலர்வதற்கு முதல் நாள் சாயங்காலமே மொட்டு நுனியில் நூலால் கட்டிவிட வேண்டும். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. மறுநாள் நூலை அவிழ்த்துக் காம்பில் அடையாளத்துக்குச் சுற்றிவிட்டால், சமையலுக்குப் பறிக்கிறவர்கள் அந்தக் காயைத் தொடமாட்டார்கள்.