பச்சை விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றவில்லை: பவர் பிளான்ட் சர்வீஸில் நான் ஏமாந்த கதை

கோவில்பட்டி பக்கம் ஒரு சிறிய ஊரில் கேபிளும் ஃபைபர் நெட்டும் நடத்துகிறேன். கிட்டத்தட்ட 900 இணைப்புகள். ஓ.எல்.டி. (ஃபைபர் வழியே வீடுகளுக்கு நெட் அனுப்பும் கருவி), ரவுட்டர் எல்லாம் 48 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. அதற்காக ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றும் 25 ஆம்பியர் ரெக்டிஃபயர் மாட்யூல் மூன்றும், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு செட்டும், இவற்றைக் கண்காணிக்கும் கண்ட்ரோலரும் வைத்திருக்கிறேன். இந்த மொத்த அமைப்பைத்தான் பவர் பிளான்ட் என்போம். லோடு, அதாவது கருவிகள் எல்லாம் சேர்ந்து இழுப்பது, 40 ஆம்பியர். இரண்டு மாட்யூலே அதைத் தாங்கிவிடும். மூன்றாவது, ஒன்று போனால் கைகொடுக்க.

சென்ற பிப்ரவரியில் இரண்டு மாட்யூலில் சிவப்பு விளக்கு வந்தது. கண்ட்ரோலரில் 'ஃபேன் ஃபெயில்' என்று காட்டியது. ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்த ஏஜென்சியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, "அண்ணாச்சி, எல்லாம் பச்சை வந்துருச்சு பாருங்க" என்றார். பில்லில் 'ஒரிஜினல் ஃபேன் 2' என்று போட்டிருந்தார்கள். பச்சையைப் பார்த்த நிம்மதியில் 7,800 ரூபாயை அன்றே கொடுத்தேன்.

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது. வழக்கமாக இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரி 40 நிமிடத்தில் 43.2 வோல்ட்டுக்கு இறங்க, பவர் பிளான்ட் லோடைத் துண்டித்துவிட்டது. ஊர் முழுக்க நெட் இல்லை. பூட்டியிருந்த அறையைத் திறந்தேன். கரண்ட் வந்தபிறகு பார்த்தால் ஒரு மாட்யூல் செத்துக் கிடந்தது, அதில் சிவப்பு. இன்னொன்றில் மஞ்சள் வருவதும் போவதுமாக இருந்தது. கண்ட்ரோலரின் பதிவைப் பின்னோக்கித் தள்ளினேன். மூன்று வாரமாக மதியம் ஒரு மணிக்கு மேல் தினமும் 'அதிக வெப்பம்' பதிவாகியிருந்தது. பேட்டரிக்கு ஒழுங்காகச் சார்ஜே ஏறவில்லை.

டெலிகாம் பவரில் பல வருடம் வேலை பார்த்த என் மைத்துனர் மறுநாள் வந்து மாட்யூலைக் கழற்றினார். உள்ளே இருந்தது இரண்டு கம்பி உள்ள மலிவு ஃபேன், அதுவும் இறுகிப்போய்ச் சுற்றவே இல்லை. எங்கள் மாட்யூலில் வர வேண்டியது மூன்று கம்பி ஃபேன். மூன்றாவது கம்பிதான் 'நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று மாட்யூலுக்குச் சொல்வது. ஃபேன் சுற்றும்வரை அந்தக் கம்பி நெகட்டிவோடு சேர்ந்திருக்கும், நின்றால் விட்டுவிடும், உடனே அலாரம் வரும். அந்தத் தம்பி இரண்டு கம்பி ஃபேனைப் போட்டுவிட்டு, சாக்கெட்டின் மூன்றாவது பின்னை ஒரு சின்னக் கம்பித் துண்டால் நெகட்டிவில் சேர்த்து சால்டர் வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஃபேன் நின்றால் என்ன, கழன்றே விழுந்தால் என்ன, மாட்யூலுக்குத் தெரியவே தெரியாது. இரண்டு மாட்யூலிலும் இதே வேலை.

காற்று இல்லாமல் உள்ளே வெந்து, முதல் மாட்யூலின் கெப்பாசிட்டர்கள் வீங்கிப் போயிருந்தன. பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று மைத்துனர் சொன்னார். அதன் லோடும் மற்ற இரண்டின் தலையில் ஏறியது. ஃபேன் செத்த இன்னொரு மாட்யூல் சூடேறி நிற்பதும், ஆறியதும் திரும்ப ஓடுவதுமாக இருந்திருக்கிறது. அது நின்ற நேரமெல்லாம் பேட்டரிதான் 15 ஆம்பியர் கொடுத்திருக்கிறது.

அப்புறம் ஒன்று, இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. இவ்வளவு நடந்தும், கோளாறு வந்தால் அடிக்க என் வீட்டில் வைத்திருந்த சைரன் ஏன் அடிக்கவில்லை? கண்ட்ரோலரின் பின்னால், சைரனை இயக்கும் சுவிட்சான அலாரம் ரிலேயின் கனெக்டரை உருவிப் போட்டிருந்தார்கள். போனில் கேட்டால், "சும்மா சும்மா அடிக்குதுன்னு எடுத்து விட்டேன் அண்ணாச்சி" என்று பதில். எங்கள் வயரிங்கில் அலாரம் வந்தால்தான் ரிலே சர்க்யூட்டை மூடி (இணைத்து) சைரனை அடிக்க வைக்கும். அதனால் கம்பி அறுந்தாலும் அமைதி, எல்லாம் சரியாக இருந்தாலும் அமைதி. இப்போது மாற்றிவிட்டோம்: சர்க்யூட் எப்போதும் மூடியிருக்கும், கோளாறு வந்தாலும் கம்பி கழன்றாலும் திறந்துகொண்டு சைரன் அடிக்கும்.

சர்வீஸ் செய்தவர் கிளம்பும் முன் நீங்களே சோதியுங்கள். ஒரு மெல்லிய தாளை ஒவ்வொரு மாட்யூலின் முன்னாலும் பிடித்தால் காற்று ஓட்டம் தெரிந்துவிடும். ஃபேன் மாற்றியிருந்தால், மூடியைப் போடும் முன் அவரையே ஃபேன் கனெக்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே கை வைப்பது அவர் வேலை, நமக்கு ஆபத்து. சிறிது நேரத்தில் அலாரம் வர வேண்டும், வரவில்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு மாட்யூலின் ஏ.சி. பிரேக்கரை இறக்கி, சைரன் அடிக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் கண்ட்ரோலர் மாட்யூல்வாரியாக வெப்பநிலை காட்டினால் மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். எங்களுடையதில் ஒன்று மற்றதைவிட 20 டிகிரி அதிகம் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

ஏஜென்சி பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அவர்களிடமே சர்வீஸ் எடுக்கும் பக்கத்து ஊர் ஆபரேட்டர் இருவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஆள் வைத்து மாட்யூலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஒருவருடையது சரியாக இருந்தது. இன்னொருவருடையதில் அதே கம்பித் துண்டு இருந்தது.